நீல இழைக் கயிறு

ஒரு நல்ல மனிதனை என் வாயால் கெடுத்தேன். நீதிமன்ற வாசலில் மேசை போட்டுப் பெட்டிசம் எழுதுகிறவனுக்குச் சட்டமெல்லாம் தெரியும் என்று ஊர் நம்புகிறது. அந்த நம்பிக்கையில் எனக்கும் தலைக்கனம் ஏறிப்போயிருந்தது. கனகசிங்கத்தைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் வேறு யார் எழுதப் போகிறார்கள்?

கனகசிங்கம் பனிச்சங்கேணிக்காரன். வாவியில் வலை வீசிப் பிழைத்தவன். சுனாமி வந்த அன்று அவனுடைய ஆறு வயது மகள் விதுர்ஷா, வருகிற தண்ணீரைப் பார்த்து அசையாமல் நின்றுவிட்டாள். அவளைத் தூக்கத் திரும்பியபோது மனைவியின் கை நழுவிப் போயிற்று. மூன்றாம் நாள், கரை மணலில் புதைந்து கிடந்த ஒரு கப்பல் கயிற்றைத் தோண்டி எடுத்தான். தம்பியின் உடலைத் தேடி வந்திருந்த ஓட்டமாவடி உம்மு குல்தூமும் சேர்ந்து இழுத்துக் கொடுத்தாள்.

அந்தக் கயிற்றைக் குடிசைத் தூணிலிருந்து மேட்டுப் புளியமரம் வரை கட்டினான்.

"தண்ணி வந்தா பாக்காத மகள். கண்ண இறுக்கி மூடு. கயித்தப் பிடிச்சிட்டு ஓடு."

தினமும் இப்படி ஓடப் பழக்கினான். ஊர் சிரித்தது. போர் துரத்தியபோது சட்டிபானையை விட்டுவிட்டுக் கயிற்றைத் தோளில் சுமந்தான். 2007இல் கிழக்கில் போர் முடிந்து திரும்பியதும், முதல் வேலையாக அதைத்தான் கட்டினான்.

வீடு சோதனைக்கு வந்த படையினர் கயிற்றின் முறுக்கைப் பிரித்துப் பார்த்தார்கள். உள்ளே ஒரு நீல இழை ஓடியது. அரச கப்பல் கயிற்றுக்கு அதுதான் அடையாளமாம். செத்த சனத்துக்குக் கேட்பாரில்லை, செத்துப்போன கயிற்றுக்கு வழக்கு! வெள்ளைக்காரன் துறைமுகக் கள்ளருக்காக எழுதி வைத்த பழைய சட்டத்தைத் தூசு தட்டி எடுத்தார்கள். கப்பல் சாமான் யார் கையில் இருக்கிறதோ, அது எப்படி வந்தது என்று அவனே காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கள்ளன்.

நீதிமன்ற வாசலில் கனகசிங்கம் என்னிடம் கெஞ்சினான்.

"ஐயா, ஒத்துக்கொண்டா இண்டைக்கே விட்டுருவாங்களாம். களவெடுத்த எண்டு சொல்லிட்டுப் போறனே. புள்ள பயப்படும்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "விசரா உனக்கு? செய்யாத களவ ஒத்துக்கொண்டா நாளைக்கு வாவியில இறங்க விடுவானா? உம்மு குல்தூமக் கூட்டி வந்து சாட்சி சொல்ல வைக்கிறன். நீ வாயத் திறக்காத."

அவன் திறக்கவில்லை. பிணை நிற்க ஆளில்லை, வழக்கு நாள் வரை இரண்டு கிழமை, பதினாலு நாள், மறியல் சிறையில் போட்டார்கள். கயிற்றைச் சான்றுப்பொருளாகக் கொண்டுபோனார்கள். அவனுடைய தங்கை கண்ணகை தன் கைக்குழந்தையோடு குடிசைக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொண்டாள்.

அந்த இரண்டு கிழமைக்குள் ஒரு மாலை, கடல் வருகிறது என்று ஒலிபெருக்கி அலறியது. கண்ணகை குழந்தையை வாரி எடுத்துக்கொண்டு, "ஓடு புள்ள!" என்று கத்தினாள். விதுர்ஷா ஓடினாள். கண்ணை இறுக்கி மூடி, வலது கையை நீட்டி, இல்லாத கயிற்றைத் தடவிக்கொண்டே ஓடினாள் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். நேரே வாவிக்குள் போய்விட்டாள். கடல் அன்று வரவேயில்லை. ஊர்ச் சனம் முழுக்க வீடு திரும்பியது, அவள் ஒருத்தியைத் தவிர.

அடக்கத்துக்கு அவனை விடவில்லை. செய்தியை மட்டும் மறியலுக்குச் சொல்லி அனுப்பினார்கள், பாவிகள். நான் மட்டும் என்ன, பெரிய புண்ணியவானா?

வழக்கு நாளில் உம்மு குல்தூம் வந்து நின்றாள். "அல்லாவே, நானும் சேந்து இழுத்த கயிறு. எங்க வேணுமெண்டாலும் சொல்லுவன்" என்று அழுதாள். அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே கனகசிங்கம் கூண்டிலிருந்து கையைத் தூக்கினான்.

"நான்தான் களவெடுத்த, ஐயா. என்ன உள்ளயே வைங்க. எனக்குப் போக வீடில்ல."

நீதவான் பதிவைப் புரட்டிப் பார்த்தார். குற்றத்தை ஒத்துக்கொண்டுவிட்டான், மறியலில் இருந்த நாட்களே தண்டனைக்குப் போதும், போகலாம் என்றார். எல்லாம் ஐந்து நிமிடம்.

காவலர் அவனைக் கூண்டிலிருந்து இறக்கிவிட்டார். என் அருகில் வந்து நின்றான். கோபம்கூட இல்லை அவன் குரலில்.

"இதத்தானே ஐயா, அண்டைக்கு நான் சொல்லப் போன?"