திருப்பிக் கொடுத்த தாம்பூலம்

அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உற்றார் உறவினர் அனைவருக்கும் அவருடைய இளைய மகளின் வணக்கம். அப்பாவின் நற்குணங்கள் எல்லாவற்றையும் எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். அதற்கு இந்தப் பக்கங்கள் போதா. நம் பக்கத்தில் இன்றும் கோணலாகப் பேசப்படும் ஒரு காரியத்தை மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா ஏரியூருக்கு அருகில் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தந்தையை இழந்து, மொரப்பூர்ப் பக்கம் தம் தாய்மாமன் நிலத்தில் ஏர் பிடிக்க வந்தார். அங்கேயே காலூன்றி, பக்கத்து ஊரில் பிறந்த அம்மாவை மணந்தார். அப்பா கோபக்காரர். செய்தித்தாளைச் சத்தமாகப் படிப்பார், எதிர்க்கட்சிச் செய்தி வந்தால் திட்டிக்கொண்டே படிப்பார். ஆனாலும் சாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் அவர் அலைந்த அலைச்சலைப் பார்த்து, ஊரார் அவரைப் பஞ்சாயத்துத் தலைவர் ஆக்கினார்கள்.

யூனியன் சேர்மனை அந்நாளில் பஞ்சாயத்துத் தலைவர்கள் கூடித்தான் தேர்ந்தெடுப்பார்கள். அந்த முறை அப்பாவின் கட்சி நிறுத்தியது அம்மாவின் அண்ணனை. எங்கள் மாமா தம் ஊருக்குத் தலைவராக இருந்தவர். அக்காவை அவர் மகனுக்கு என்று பேசியும் வைத்திருந்தது. அவர் தாம்பூலத் தட்டோடு வந்து ஓட்டுக் கேட்டார், அப்பாவும் வாங்கிக்கொண்டார். வெற்றிலை பாக்கை வாங்கினால் வாக்குக் கொடுத்ததாகவே எங்கள் பக்கத்தில் பொருள். சம்பந்தம் பேசிய வீட்டின் குறையை விசாரிப்பது மரியாதையில்லை என்று அப்பா இருந்துவிட்டார். அது தம் தவறு என்று பின்னாளில் அவரே பலமுறை சொன்னதுண்டு.

ஒரு காலையில் சவரிமுத்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் உறவுக்காரர் அல்லர், மரியாதைக்கு மாமா என்போம். வேறொரு ஊரின் தலைவர், எதிர்க்கட்சிக்காரர். கொடிக்கம்பம் நடும் தகராறில் அப்பாவோடு போலீஸ் ஸ்டேஷன் வரை போனவர்.

“தலைவரே, ஓட்டுக் கேக்க வரலீங்க. உங்க மச்சான் ஊருக் கெணத்த ஒருக்கா வந்து பாருங்க. அப்புறம் யாருக்கு வேணா போடுங்க” என்றார்.

இருவரும் சைக்கிளில் போனார்கள். அது மழை பொய்த்த கோடை. பஞ்சாயத்துக் கிணற்றைச் சுற்றி முள் அடைத்து, படல் கதவுக்குப் பூட்டுப் போட்டிருந்தது. கிழக்குத் தெருப் பெண்கள் காலிக் குடங்களோடு எட்டத்தில் நின்றார்கள். அவர்களில் ஒரு நிறைமாதக்காரி, “நாங்க அவருக்கு ஓட்டுப் போடலீங்களாம். மத்த தெருவெல்லாம் எடுத்தப்புறம் மிச்சம் இருந்தாத்தான் எங்களுக்குங்க” என்றாராம்.

அப்பா நேரே மாமாவிடம் போய்க் கேட்டார். மாமா சிரித்தார். “பொழைக்கத் தெரியாதவராட்டம் பேசறீங்களே மாப்ள! யூனியன் கைக்கு வரட்டும். எந்த ஊருக்குக் கொழா போவணும், எதுக்குப் போவக் கூடாதுன்னு அப்பப் பாருங்க.”

அப்பா அன்று சாப்பிடவில்லை. சுற்றியுள்ள ஊர்களின் தண்ணீர் எல்லாம் அந்தப் பூட்டுக்குள் போகப்போகிறது என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. மறுநாள் சவரிமுத்து மாமா, “நீங்களே நில்லுங்க தலைவரே, எங்காளுங்க போடுவாங்க” என்றார். “நான் நின்னா, பதவிக்காக மச்சானக் கவுத்தான்னு ஆயிரும். சித்தேரி மலைக்காரரு நிக்கட்டுங்க” என்றார் அப்பா. மலை ஊர்த் தலைவரான அவரும் அப்பாவின் கட்சிதான். எதிர்க்கட்சி தன் ஆளை விலக்கிக்கொண்டு எங்கள் கட்சிக்காரருக்கு ஓட்டுப்போட வேண்டும்! சவரிமுத்து மாமா அரை நாள் யோசித்தார். பிறகு தம் கட்சிக்காரர்களிடம் பேசி ஒப்புக்கொள்ள வைத்தார். அந்த அரை நாளுக்காகவே அவரைக் கும்பிடலாம்.

தாம்பூலம் பாக்கி இருந்தது. மறைவாக மாற்றி ஓட்டுப்போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. தட்டில் புது வெற்றிலை பாக்கு வைத்துக்கொண்டு கிளம்பியவரை அம்மா நிறுத்தினார்.

“ஏனுங்க, நானும் வர்றேன்.”

“உன் பொறந்த வூடு. நீ வர வேணாம்.”

“நீங்க தனியாப் போனா கட்சிச் சண்டைம்பாங்க. நானும் வந்தாத்தான் நாயம்னு தெரியும்.”

பட்டப்பகலில், பங்காளிகள் எல்லாம் பார்க்க, அண்ணன் முன்னால் தட்டை வைத்தது அம்மாதான். “வாக்கத் திருப்பிக் குடுத்துட்டோம்ண்ணே. கெணத்தத் தொறந்துடு” என்றார். மாமா தட்டைத் தொடவில்லை. “இந்தப் படிய இனி மிதிக்காத” என்று மட்டும் சொன்னார்.

கிணற்றுச் செய்தி பரவி எங்கள் கட்சித் தலைவர்கள் பலரும் மனம் மாறியிருந்தார்கள். தேர்தலில் மாமாவுக்கு விழுந்த ஓட்டுகளை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். சித்தேரி மலைக்காரர் சேர்மனாகப் பதவியேற்ற வாரமே கிணற்றுப் பூட்டு போனது. கட்சி அப்பாவை நீக்கியது. அக்காவின் சம்பந்தம் முறிந்தது. அவள் இன்று அரூரில் நன்றாகவே வாழ்கிறாள். அப்பா எதற்கும் வருந்தவில்லை. அம்மாவுக்குத் தாய்வீடு இல்லாமல் போனதற்கு மட்டும் வருந்தினார். நோயில் படுத்த கடைசி மாதத்திலும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “உனக்குன்னு போய்வர ஒரு பொறந்த வூடு இல்லாமப் பண்ணிட்டனே” என்றார். அம்மா அவருக்குக் கஞ்சியை ஊட்டினார்.

அப்பாவின் காரியத்தன்று, கணவனை இழந்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுவர வேண்டிய கோடிச் சேலைக்காகக் காத்திருந்தோம். மாமாவுக்கு ஆள் அனுப்பியும் வரவில்லை. நேரமாகிறது என்று ஊர்ப் பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். அப்போது சவரிமுத்து மாமா வழிவிடச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் பின்னால் கிழக்குத் தெருவே வந்தது. அந்தக் கோடையில் காலிக் குடத்தோடு நிறைமாதமாக நின்ற அந்த அம்மாள், தட்டில் சேலையோடு முன்னால் வந்தார்.

“நாங்களும் நீங்க பொறந்த ஊருதானுங்களே அக்கா” என்றார்.

அப்பாவின் மருத்துவத்துக்கும் இறுதிக் காரியங்களுக்கும் துணைநின்ற அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. சவரிமுத்து மாமாவுக்கும் சித்தேரி மலைக்காரருக்கும் நன்றி. மாமாவுக்கும் ஒரு மலர் அனுப்பியிருக்கிறோம், படிக்கட்டும். கிழக்குத் தெருவுக்கு என்ன நன்றி சொல்ல என்று அம்மாவைக் கேட்டேன். “பொறந்த வூட்டுக்கு யாராச்சும் நன்றி சொல்லுவாங்களா?” என்றார்.