பேஸ் மாடல்

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. வீட்டில் சத்தம் போடுகிற வேலையைக் கல்யாணமான அன்றிலிருந்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட மனிதர் நாற்பது வயசுக்கு மேல் ஒரு கிடார் வாங்கி வந்தார். அதுவும் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று போகுமே, அந்த பேஸ் கிடார்.

ஏரலிலிருந்து வந்திருந்த என் அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எந்தச் சாமானைக் கையில் எடுத்தாலும் ஒரு குறை சொல்லாமல் கீழே வைக்கமாட்டார்.

"என்ன மாப்ளே, நாலு கம்பிதான் இருக்கு?"

"இது பேஸ் கிடார் மாமா."

"அதான பாத்தேன்! காருல பேஸ் மாடல் எடுத்தாலும் ரெண்டு சாமானக் கொறைச்சுத்தான் தருவான். இன்னும் கொஞ்சம் போட்டு டாப் மாடலா எடுத்திருக்கலாம்லா?"

பேஸ் கிடார் என்றாலே நாலு கம்பிதான் என்று இவர் விளக்கிச் சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டு நின்றார். இந்தச் சிரிப்புக்காகவே எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். இதே சிரிப்புக்காகவே சமாதானமும் ஆகியிருக்கிறேன்.

கிடார் வந்ததே தவிர, அதற்கான ஆம்ப்ளிஃபயர் வரவில்லை. என் தம்பி, தன் கிடாருக்கு வைத்திருந்த சின்னப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். கொடுக்கும்போதே, "அத்தான், இது சாதா கிடாருக்குள்ளது. சத்தத்தக் கூட்டிராதீங்க, ஸ்பீக்கர் கிழிஞ்சிரும்" என்றான்.

ஒரே ஒரு தடவை இவர் கூட்டிப் பார்த்தார். பெட்டி சளி பிடித்த தொண்டை மாதிரிக் கரகரத்தது. அடுக்களையில் தட்டெல்லாம் கிடுகிடுத்தது. பயந்துபோய்க் குறைத்தவர்தான், அதற்குப் பிறகு பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கீரை ஆயும்போது அந்தப் பெட்டியில் முதுகைச் சாய்த்துக்கொள்வேன். வாசித்து முடித்ததும், உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துணியால் துடைத்து வைப்பார். எனக்கு ஒரு நாள்கூட அப்படித் தலை துவட்டிவிட்டதில்லை.

ஆனால் இவருக்கு மனசு ஆறவில்லை. "யாருக்கும் கேக்கலன்னா இது எதுக்குளா? வித்துருவோம்" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, தம்பி மூன்று பேரும் முத்தையாபுரத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாயங்காலம் அப்பாவுக்குப் பாட்டு வந்துவிட்டது. நன்றாகவே பாடுவார். தம்பி கரண்டு தேவைப்படாத மரக் கிடாரை வாசித்தான். இவர் மூலையில் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பேஸ் வாசித்தார்.

ஒரு பாட்டு முடிந்தது. "மாப்ள கை அசையுது, சத்தத்தக் காணுமே! பேஸ் மாடல்னா இப்படித்தான்" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். ஆனால் முகம் சுண்டிப்போனதை நான் பார்த்தேன். சத்தம் கூட்டுகிற திருகுக்குக் கை போனது. தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். நாளைக்கே விற்றுவிடுவார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சுர்ரென்று கோபம் வந்தது.

அடுத்த பாட்டு பாதி போய்க்கொண்டிருக்கும்போது எழுந்து போய்ப் பெட்டியின் சுவிட்சை அணைத்தேன். இவர் என்னைப் பார்த்து விழித்தார். தம்பியின் கிடார் மட்டும் க்ளிங் க்ளிங் என்று தனியே ஓடியது. அப்பா ஒரு வரியைச் சமாளித்தார். அடுத்த வரியில் தாளம் தப்பி, பாட்டை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"ஏலே, கரண்டு போயிட்டா?"

ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. லைட் எரிந்துகொண்டிருந்தது.

"கரண்டெல்லாம் இருக்கு. ஒங்க மாப்ளதான் இல்ல" என்றேன்.

"ஏளா, வாயக் கழுவு!" என்று அம்மா பதறினாள்.

அப்பா சுவிட்சைப் போடும்படி எனக்குக் கையைக் காட்டினார். பிறகு நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, "மாப்ளே, முதல்லருந்து போவோம்" என்றார்.