அக்கா பாவம்

மூன்றாந் தரமும் உயர்தரப் பரீட்சை எழுதுகிறவளுக்கு ஊரில் ஒரு தனி மரியாதை உண்டு. கடைக்குப் பாண் வாங்கப் போனாலும் யாராவது ஒருத்தர் "இன்னும் படிப்பு முடியல்லையா புள்ள?" என்று கேட்டுவிடுவார். கேட்கிறவருக்கு அது சும்மா ஒரு கதை. எனக்கோ அதற்குப் பிறகு வீடு வரும்வரை தலை நிமிராது.

நான் கணிதப் பிரிவு. முதல் தரம் பௌதிகவியல் விழுந்தது. அம்மா ஆனைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லி, களுதாவளைப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தா. இரண்டாந் தரம் பௌதிகவியல் ஒருமாதிரித் தப்பியது, இணைந்த கணிதம் விழுந்தது. அம்மா மறுகாலும் தேங்காய் உடைத்தா, ஆனால் ஆனைக் கதையை எடுக்கவில்லை. எப்பவும் சறுக்கிக்கொண்டே இருந்தால் அது என்ன ஆனை? மூன்று தரத்துக்கு மேல் எழுதிக் கம்பசுக்கு, பல்கலைக்கழகத்துக்கு, போக ஏலாது. ஆகவே அந்த வருசம்தான் எனக்குக் கடைசி. அதே வருசம்தான் என் தங்கச்சிக்கு முதல் தரம். அவளும் கணிதப் பிரிவு.

கடந்த கால வினாத்தாள்களைச் செய்து பழக்கும் பேப்பர் கிளாசில் பழைய ஆட்களையும் புது ஆட்களையும் ஒன்றாகத்தான் வைத்துப் படிப்பிப்பார்கள். வாவிக்கரைப் பக்கம் ஒரு நீளத் தகரக் கொட்டில். பின் வரிசை வாங்கில் நான், முன் வரிசை வாங்கில் அவள். முதல் நாளே படிப்பிக்கிற சேர், பழைய ஆட்களைக் கேட்போம் என்று என்னை எழுப்பினார். ஊசலின் அலைவு காலத்தை நிறுவச் சொன்னார். இரண்டு வருசம் எழுதி எழுதிப் பழகிய நிறுவல் அது. எழும்பி நின்றதும் தலைக்குள் ஒன்றுமில்லை. வாவிக் காற்றுக்குத் தகரம் படபடவென்று அடித்ததுதான் கேட்டது. அக்காவுக்கு ஏலாவிட்டால் தங்கச்சி சொல்லட்டும் என்றார் சேர். அவள் மூச்சு விடாமல் சொல்லி முடித்தாள். கிளாஸ் முழுக்கச் சிரித்தது. சேர் கெட்ட மனிசன் இல்லை, பகிடிக்குத்தான் சொன்னார். அன்றைக்குச் சைக்கிளில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வரும்போது நான் வேகமாக மிதித்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வீட்டுக்கு வந்து சோறும் தின்னவில்லை.

அடுத்த கிழமையிலிருந்து தங்கச்சிக்கு ஒன்றும் தெரியாமல் போய்விட்டது.

சேர் எதைக் கேட்டாலும் "தெரியா சேர்" என்பாள். மாதிரிப் பரீட்சையில் பாதிக் கேள்விகளை வெறுமையாக விட்டுவிட்டு வந்தாள். எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் வரவில்லை, பாருங்கள். பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரிகளாக இருக்கிறவர்கள் பேப்பர் கிளாசில் தடுமாறுவது வழமைதான், அனுபவம் வேணும் என்று அம்மாவிடம் பெரிய மனுசி மாதிரி விளக்கம் சொன்னேன். சேர் புள்ளிகளை வாசித்தபோது என் புள்ளி அவளுடையதைவிட மேலே இருந்தது. அம்மா அவளைப் பிடித்து ஏசினா, அக்காவைப் பார்த்துப் படி என்று. அந்த வீட்டில் என்னைப் பார்த்துப் படிக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை. அன்றைக்கு நான் இரண்டாந் தரமும் சோறு போட்டுத் தின்றேன்.

பிறகு நான் அவளுக்குப் படிப்பிக்கத் தொடங்கினேன். பின்னேரங்களில் வெற்றிலைத் தோட்டத்துக் கிணற்றுக்கட்டில் வினாத்தாள்களை விரித்து வைத்துக்கொண்டு இருப்போம். அடிப்படை முக்கியம் என்பேன். அவள் தலையாட்டுவாள். ஆனால் ஒவ்வொரு கணக்கின் நடுவிலும் ஒரு மொக்குக் கேள்வி கேட்பாள். வேகம் கூடும் வீதமான ஆர்முடுகலைத் தொகையிட்டு வேகம் எடுக்கும்போது, "அக்கா, இது தொடக்கத்தில ஓடிட்டிருந்ததா, நிண்டிட்டிருந்ததா?" என்பாள். இதுகூடத் தெரியாதா என்று ஏசிக்கொண்டே கேள்வியைத் திரும்ப வாசித்தால் நான் தொடக்க வேகத்துக்கான மாறிலியைப் போடாமல் விட்டிருப்பேன். சைனை வகையிடும்போது கோணம் பாகையிலா ஆரையனிலா என்று கேட்பாள். துணைக்கோள் கணக்கென்றால், "இந்தத் தூரம் பூமிட மேல் தரையில இருந்தா, நடுவில இருந்தா?" என்பாள். நான் மேல் தரையிலிருந்து எடுத்திருப்பேன். அவளுக்குத் தெரியாமல் அழித்துத் திருத்திவிட்டு, பார்த்தியா, இப்படித்தான் கவனமாகச் செய்யவேணும் என்பேன். கொல்லன் தெருவில் ஊசி விற்றிருக்கிறேன். அவளும் மினக்கெட்டு என்னிடம் ஊசி வாங்கியிருக்கிறாள்.

பரீட்சைக்குக் கொஞ்சக் காலம் இருக்கும்போது, ஒரு பின்னேரம் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றேன். கிளாஸ் வாட்ஸ்அப் குறூப்பில் தங்கச்சியின் சினேகிதி ஒருத்தி ஒரு குரல் பதிவு போட்டிருந்தாள். அமத்திக் கேட்டால் என் தங்கச்சியின் குரல். மாதிரிப் பரீட்சையில் அவள் வெறுமையாக விட்ட துணைக்கோள் கேள்வி. அதை ஒரு தட்டுத்தடங்கல் இல்லாமல், சேரைவிடத் தெளிவாகச் சொல்லிக்கொண்டு போனாள். தூரத்தைப் பூமியின் நடுவிலிருந்து எடு, எல்லாரும் இங்கேதான் பிழை விடுவார்கள் என்றாள். எனக்கு முதலில் பெருமையாகத்தான் இருந்தது, என்னிடம் படித்தது என்று. கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாள்.

"இத குறூப்பில போட்டிராத. அக்கா பாவம்."

அந்தப் பிள்ளை அதை வேறு யாருக்கோ அனுப்பப்போய்க் குறூப்பில் போட்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அழித்துவிட்டாள்தான். அதற்குள் கேட்கவேண்டியவர்கள் எல்லாரும் கேட்டாயிற்று. தண்ணீர் தன்பாட்டுக்குப் பாத்தி உடைத்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த மொக்குக் கேள்விகள் எல்லாம் அப்போதுதான் எனக்கு விளங்கின. ஏமாற்றிவிட்டாள் என்று கோபம் வரவேணும் அல்லவா? வரவில்லை. அவளுக்கு நான் எப்படித் தெரிந்திருக்கிறேன் என்ற வெட்கம்தான் வந்தது. அதைவிடப் பெரிய பயமும் வந்தது. பெரிய பரீட்சையிலும் இவள் எனக்காக வெறுமையாக விட்டுவிட்டு வந்தால் என்ன செய்வது?

அடுத்த கிளாசுக்குப் போனபோது எல்லாரும் என்னோடு நல்ல மாதிரி நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது. எப்பவும் இடத்துக்குச் சண்டை பிடிக்கிறவள் தள்ளி இருந்து எனக்கு இடம் விட்டாள். தங்கச்சி முன் வாங்கில் குனிந்தபடி இருந்தாள். சேருக்கு ஒன்றும் தெரியாது. பூமியிலிருந்து தப்பிப் போகும் வேகத்தை நிறுவச் சொல்லி அவளைத்தான் எழுப்பினார். அவள் எழும்பினாள்.

"தெரியா சேர்."

அவளுக்குத் தெரியும் என்பது அந்தக் கொட்டிலில் சேரைத் தவிர எல்லாருக்கும் தெரியும். ஏன் தெரியாது என்கிறாள் என்பதும் தெரியும். ஒருத்தரும் சிரிக்கவில்லை. முதல் நாள் மாதிரி எல்லாரும் சிரித்திருந்தால் எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். எழும்பினேன்.

"சேர், அவளுக்குத் தெரியும். எனக்காகத்தான் தெரியா எண்டுறாள். தெரியாதது எனக்குத்தான்."

சேர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வெண்கட்டியை அவளிடம் நீட்டினார். அவள் போனாள், எழுதினாள். எழுதும்போது தோள் குலுங்கியது. கடைசி வரிவரை ஒரு பிழை இல்லை. வீட்டுக்குப் போகும்போது சைக்கிளில் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "ஏன்கா எழும்பின?" என்று மட்டும் கேட்டாள். பரீட்சையில் ஒரு கேள்வியும் விடமாட்டேன் என்று பிள்ளையார் கோயிலடியில் இறக்கிச் சத்தியம் வாங்கினேன்.

சத்தியத்தைக் காப்பாற்றினாள். பொறியியலுக்கு எடுபட்டாள். எனக்கு மூன்று பாடமும் சும்மா பாஸ், கம்பசுக்குக் காணாது. அழுதேன், ஆனால் அந்த அழுகை சீக்கிரம் முடிந்துவிட்டது. இப்போது வீட்டில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன்.

போன லீவுக்கு அவள் வந்திருந்தபோது, என்னிடம் படிக்கிற பிள்ளை ஒன்று அவளிடம் போய், நிலா ஏன் பூமியில் விழுவதில்லை என்று கேட்டது. பொறியியல் படிக்கிறவளுக்கு அது ஒரு கேள்வியா? வாயைத் திறந்தாள். திறந்தவள் சொல்லவில்லை, முதலில் என் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள்.