அக்காவின் உடம்பில் என் செல்கள்

அரியமங்கலத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். அக்கா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் டீச்சர். அவளுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று, தைரியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்த பாஷையில் பேசினேன்.

"புரோகிராம்ல ஒரு தப்பு, அவ்வளவுதான்க்கா. சரி பண்ணிடலாம்."

அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "நீ கம்ப்யூட்டரை அணைச்சு வச்சுட்டு சரி பண்ணுவ. செல்லை அணைக்க முடியாதுடா. ஓடிக்கிட்டு இருக்கும்போதே பண்ணணும். நேரம் வந்தா செத்துடணும்னு செல்லுக்குள்ளயே எழுதியிருக்கு. எனக்குள்ள இருக்கறது அந்த வரிய மறந்துடுச்சு."

நோய் மருந்துக்குச் சில மாதங்கள்தான் கட்டுப்பட்டது. எலும்பு மஜ்ஜையை மாற்ற வேண்டும் என்றார்கள். என்னுடையது பொருந்தியது. சென்னையில் அவளுடைய மஜ்ஜையை மருந்தால் முழுக்க அழித்துவிட்டு, என் ரத்தத்திலிருந்து பிரித்த, புது ரத்தத்தை உண்டாக்கும் செல்களை ஏற்றினார்கள்.

"இதைத்தானே நீ ஃபார்மேட்னு சொல்லுவ?" என்றாள். அன்று இருவரும் சிரித்தோம்.

நான்காவது மாதம் அவள் உள்ளங்கைகள் சிவந்து தோல் உரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. கண் மஞ்சளானது. நானும் அத்தானும் மறுபடி சென்னைக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: "புது செல்லெல்லாம் நல்லா வேர் பிடிச்சிருக்கு. ஆனா அதுங்க இவங்க உடம்பையே அந்நியம்னு நினைச்சுத் தாக்குதுங்க."

அதுங்க என்றால் நான்.

இரண்டு நாள் வார்டுக்குள் போகாமல் வெளியிலேயே சுற்றினேன். மூன்றாம் நாள் அத்தானை அனுப்பி என்னைக் கூப்பிட்டாள்.

"உன் செல் அதோட வேலையத்தான் பாக்குது. தன்னோடது எது, மத்தது எதுன்னு பிரிக்கத்தான் அது இருக்கு. உன்கிட்ட கேட்டுட்டா பண்ணுது? தண்ணி குடு."

கொடுத்தேன். பாதி கழுத்தில் வழிந்தது.

என் கடையில் ஒத்துவராத பாகத்தைப் போட்டுவிட்டால் கழற்றிவிடலாம். அவளுக்குள் போன என்னை யாராலும் திரும்ப எடுக்க முடியவில்லை. அந்தச் செல்களை அடக்கும் மருந்தைக் கூட்டினார்கள். எதிர்ப்புச் சக்தி குறைந்து நுரையீரலில் கிருமி தொற்றியது. ஆஸ்பத்திரியில் சேர்த்த பதினோராம் நாள் போய்விட்டாள்.

ஊருக்குத் திரும்பும் ஆம்புலன்ஸில் கடைசி ரிப்போர்ட்டை அத்தான் என்னிடம் நீட்டினார். "நீயே பாருப்பா."

ரத்தத்தில் ஒரு புற்றுச் செல்கூட இல்லை. பிறந்ததிலிருந்து பி பாசிட்டிவ்வாக இருந்தவளுக்கு ரத்தப் பிரிவு என்ற இடத்தில் என்னுடையது எழுதியிருந்தது. மடித்து அவரிடமே கொடுத்தேன். வண்டி கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி ஸ்ரீரங்கத்துக்குள் நுழைந்தது.