மூன்று நாள் பூஜ்யம்

நோய் அடங்கிவிட்டதா, அடுத்த தடவைக்குப் பதுங்கியிருக்கிறதா? மூன்று வருடமாக இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

எனக்குப் பெருங்குடல் புண் நோய். போன தடவை அது திரும்பியபோது பதினொரு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். வீட்டுக்கு வந்ததும், அத்தனை நாள் என்னைப் பார்க்காத சின்ன மகள் என்னிடம் வர மறுத்தாள். இனி அப்படி ஆகவிடக் கூடாது என்று, தினமும் எத்தனை தடவை வெளிக்குப் போனேன், ரத்தம் இருந்ததா என்பதை டாக்டர் சொன்னபடி காலண்டர் தாளில் எழுதிவந்தேன். போன தடவை பரிசோதனைக்குப் போன நாளோடு சேர்த்து மூன்று நாளும் பூஜ்யம்.

“நல்லா அடங்கியிருக்கு. மாத்திரையைக் குறைச்சுடலாம்” என்றார் டாக்டர். கூட வந்த மாமியார் அங்கேயே கைகூப்பினார்.

ஸ்ரீரங்கம் திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. தசமியன்று ஒருவேளைச் சாப்பாடு. ஏகாதசி முழுப் பட்டினி. துவாதசியான அன்று காலை, பஸ்ஸில் அவசரம் வந்துவிடுமோ என்ற பயத்தில் இரண்டு வாய்க் கீரையோடு எழுந்துவிட்டேன். சாப்பிடாத வயிற்றின் கணக்கையல்லவா காட்டியிருக்கிறேன்.

“அத்தை, திரும்பிப் போகணும். விரதம் இருந்ததைச் சொல்லலை.”

“டாக்டரே நல்லாருக்குன்னுட்டாரு. நீ வியாதிக்கு வக்காலத்து வாங்குறியா?”

வீண் பயமோ என்று அம்மா மண்டபம் நிறுத்தம் வரை யோசித்தேன். அங்கே இறங்கி, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். அத்தையும் முணுமுணுத்தபடி ஏறினார்.

டாக்டர் கோபப்படவில்லை. மலப் பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்தார். குடலில் அழற்சி இருந்தால் ஒருவகைப் புரதம் மலத்தில் கூடுமாம்; வயிறு சும்மா இருக்கும்போதே கூடலாமாம். எனக்குக் கூடியிருந்தது.

“திரும்ப வரலாம்னு காட்டுது. வந்தே தீரும்னு இல்லை” என்றார். மாத்திரையைக் குறைக்கவில்லை.

இப்போது ஏகாதசியன்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் உட்கார்ந்து இட்லி சாப்பிடுகிறேன்.

“பெருமாள் பார்த்துட்டிருக்காரு” என்றார் அத்தை.

“அவர் மன்னிச்சுடுவாரு அத்தை. குடல் மன்னிக்காது.”

“வாய் மட்டும் நல்லாருக்கு. சட்னி காரம், தயிரைத் தொட்டுக்க.”

காலண்டரில் இப்போது சாப்பிட்டதையும் எழுதுகிறேன். அடுத்த வாரம் மறுபடி பரிசோதனை. வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லை. அதை நான் நம்பவும் இல்லை. இதே நோயோடு இருப்பவர்களே, உடம்பு நன்றாக இருந்தும் அந்தப் புரத எண் மட்டும் ஏறியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? வீட்டில் சின்னக் குழந்தையிடம் முன்கூட்டியே ஏதாவது சொல்லிவைத்தீர்களா? எனக்கு எழுதுங்கள்.