என்னை அறுபதைத் தாண்ட வைத்த அக்கா

அக்கா எம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. திவச நாளில் இந்நினைவு மலரைக் கையில் பெறும் உறவினர்களுக்கும் அயலவர்களுக்கும் அவரைப் பற்றி நான் அறிந்ததில் ஒரு பங்கையேனும் சொல்லிவைக்க விரும்புகிறேன்.

செட்டிபாளையத்தில் பிறந்தவர். எனக்கு மூன்று வயதாயிருக்கையில் அம்மா காலமானார். அக்காவுக்கு அப்போது பதினொன்று. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு என்னை வளர்த்தார். பின்னர் மணமுடித்து, நாற்பது வயதிலே கணவரை இழந்தார்; பிள்ளைகள் இல்லை. கடற்கரைப் பக்கத்து மணல் வளவில் கத்தரியும் மிளகாயும் வைத்து, கிணற்றிலிருந்து தானே தண்ணீர் அள்ளி ஊற்றிச் சீவித்தார். கோபக்காரர் என்று சொல்வார்கள். உண்மைதான்.

எங்கள் அப்பா அறுபதாவது வயதில் இறந்தார். அவருடைய தகப்பனும் அப்படியே. தமது முறை வந்துவிட்டதென்று சொல்லி, அவ்வாண்டு அப்பா வயலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். அப்போது இருபத்திரண்டு வயதான என் மனத்தில் அந்த அறுபது குடியேறிவிட்டது. வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் எழுதுவினைஞராக இருந்து ஐம்பத்தைந்தில் ஓய்வு பெற்ற பின் நான் செய்ததெல்லாம் அறுபதுக்குக் காத்திருந்ததுதான். கால் வீங்கியது. நாலடி நடந்தால் மூச்சு வாங்கியது. வயது என்று எடுத்துக்கொண்டேன். ஐம்பத்தொன்பதில் சைக்கிளையும் மருமகனுக்குக் கொடுத்துவிட்டேன்.

என் மனைவி எனக்குச் சொல்லாமல் அக்காவுக்குத் தபாலட்டை போட்டார். அறுபத்தேழு வயதில் அக்கா இரண்டு பஸ் மாறி, ஒரு பை கத்தரிக்காயுடன் வந்திறங்கினார். சாய்மனைக் கதிரையில் கிடந்த என் காலைப் பெருவிரலால் அமத்திப் பார்த்தார். குழி விழுந்தது.

“எத்தின நாளா இப்படி?”

“ரெண்டு வருசம் இருக்கும். வயசு போகுதுதானே, அக்கா. அப்பாவும் அறுபதிலதானே போன.”

“அப்பா ஒரு நாளும் ஆசுபத்திரிக்குப் போய்க் காட்டல்ல. அது வயசா, நோய் வருத்தமா எண்டு ஆருக்குத் தெரியும்? எழும்பு. முதல்ல காட்டுவம். வயசுதான் எண்டு டாக்குத்தர் சொன்னா வந்து படு.”

மறுநாள் மட்டக்களப்பு ஆசுபத்திரியில் இரத்தம் சோதித்தார்கள். குடற்புழுவினால் வந்த இரத்தக்குறைவு என்றார் வைத்தியர். மருந்து இருந்தது. இரண்டு வருடம் ஏன் வரவில்லை என்று அவர் கேட்டார். அக்கா கை நீட்டி மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

இரண்டு மாதம் எங்களுடன் தங்கினார். மருந்தை நேரத்துக்குத் தந்தார். முருங்கையிலைச் சுண்டல் இல்லாத மத்தியானம் இல்லை. காலையில் மீன் வாங்கத் துறைக்கு என்னையும் நடத்திக்கொண்டு போவார். முதல் வாரம் வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்தேன். கைகொடுத்துத் தூக்கமாட்டார், நான் எழும்பும்வரை பக்கத்தில் நிற்பார்.

அறுபது பிறந்த காலை எனக்குப் படுக்கையை விட்டு எழும்ப மனம் வரவில்லை. பயமாக இருக்கிறது என்று முதன்முறையாக அவரிடம் சொன்னேன். உங்களுக்கு அந்தப் பயமே இல்லையா என்றும் கேட்டேன்.

“பயமில்லாம என்ன? முழங்கால் நோகிற ஒவ்வொரு நாளும் பயம்தான். படுத்துக் கிடந்தா அது கூடும், தம்பி. வா, மீன் முடிஞ்சிடும்.”

போனோம். அன்று பாரை மீன் வாங்கினோம்.

எழுபத்தாறில் அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. இது வயதா வருத்தமா என்று தமக்காகவும் வைத்தியரிடம் கேட்டார். வருத்தம்தான், ஆனால் மருந்தின் எல்லையைக் கடந்துவிட்டது என்றார் அவர். முன்பே காட்டியிருக்கலாமே என்று நான் ஆத்திரப்பட்டேன். அக்கா ஆத்திரப்படவில்லை. தெரிந்துகொண்டது நல்லது என்று மட்டும் சொன்னார். பாயில் கிடந்தது ஒன்பது நாட்களே. அதற்கு முந்திய கிழமைவரை மிளகாய்ச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

அந்நாட்களில் இரவு பகல் பாராது உடனிருந்த அயல்வீட்டுப் பெண்களுக்கும், ஆசுபத்திரித் தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளை முன்னின்று நடத்திய மருமக்களுக்கும், தொலைவிலிருந்து வந்து துயர் பகிர்ந்த யாவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி உரியது. நிறைந்த வயது, இருந்து வாழ்ந்து போயிருக்கிறார் என்று அன்று உங்களில் பலர் என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னீர்கள். அந்த அன்புக்கும் நன்றி. ஆனால் எனக்கு அந்த வயது போதவில்லை.