இலவச வைஃபைக்கு ஒரு நம்பர்

மஸ்கட்டுக்கு வேலைக்குப் போய் நான்கு வருடம் ஆகியிருந்தது. ரீசார்ஜ் செய்யாமல் விட்டதில் என் இந்திய நம்பர் எப்போதோ போய்விட்டது. விடுமுறையில் சேலம் வந்தவள், தங்கையைப் பார்க்க பெங்களூருக்கு பஸ் ஏறினேன். அவளுக்கு ஹெப்பகோடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. ஷிஃப்ட் முடியும்வரை ஃபோனை லாக்கரில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். "வேலைக்குக் கெளம்பறதுக்கு முன்னாடி ரூம் லொகேஷன வாட்ஸ்அப்ல போட்டுடறேன்க்கா" என்று சொல்லியிருந்தாள்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் இறங்கி ஒரு மாலுக்குள் போனேன். வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை: இலவச வைஃபை. கனெக்ட் செய்தால் பத்து இலக்க நம்பர் கேட்டது. ஓமன் நம்பருக்கு எட்டு இலக்கம்தான். தகவல் மேசையில் இருந்தவன் நிமிராமலே, "இந்தியன் நம்பர் இல்லேன்னா ஆகாது மேடம்" என்றான்.

"வெளியிலேருந்து வர்றவங்களுக்குத்தானே வைஃபை வேணும்? மத்தவங்ககிட்டதான் நெட் இருக்கே?"

"சிஸ்டம் அப்படி, மேடம்."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. பெட்டியை இழுத்துக்கொண்டு தூணோரம் போய் நின்றேன். அங்கே தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, ஐம்பது வயதிருக்கும், "இன்னாம்மா ஆச்சு?" என்றார். சொன்னேன். "அவ்ளோதானா? என் நம்பரப் போடு" என்று மாப்பைச் சாய்த்து வைத்துவிட்டு, யூனிஃபார்ம் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். ஓடிபி வந்தது. ஒவ்வொரு எண்ணாக அவர் படிக்க, நான் தட்டினேன். தங்கையின் லொகேஷன் வந்து விழுந்தது.

அதற்குள் சூப்பர்வைசர் வந்துவிட்டான். அந்த அம்மாவுக்கு மகன் வயதுதான் இருக்கும். "டியூட்டி டைமல்லி ஃபோன் யாக்கே?" என்று, எதற்கு ஃபோன் எடுத்தாய் எனக் கன்னடத்தில் அதட்டி, அவர் கையிலிருந்தே ஃபோனைப் பிடுங்கினான்.

"எனக்காகத்தான் எடுத்தாங்க. உங்க வைஃபை ஒழுங்கா இருந்தா எதுக்கு இவங்க எடுக்கணும்? ஃபோனைக் குடுங்க!" என்று கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவன் உடனே குரலைக் குழைத்தான். "நீங்க கஸ்டமர், மேடம். இது எங்க இன்டர்னல் மேட்டர்."

நான் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது அந்த அம்மா என் முழங்கையைத் தொட்டார். "வுட்டுடும்மா. நீ பூடுவே. அப்பறம் அவரு கோவத்த என்கிட்டதான் காட்டுவாரு."

பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆட்டோவில் ஹெப்பகோடி போய்ச் சேர்ந்தேன்.

வைஃபைக்குப் போட்ட நம்பர் என் ஃபோனில் இருந்தது; மறுநாள் தங்கையின் ஃபோனிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டேன். ஃபோனைச் சாயங்காலமே கொடுத்துவிட்டார்களாம். ஆனால் ஆளைக் கீழே, கார் நிறுத்துகிற தளத்துக்கு மாற்றிவிட்டார்களாம். "பொகைதான் ஒத்துக்கல. இருமுது. வேற ஒண்ணியுமில்ல" என்றார். வைஃபைக்குக் கொடுத்த தன் நம்பருக்கு மால் ஆஃபர் மெசேஜ் காலையிலிருந்து மூன்று வந்துவிட்டதாகவும் சொன்னார்.

"நான் மேனேஜ்மெண்டுக்குப் புகார் எழுதறேன்மா" என்றேன்.

"ஐயோ, வேணாம்மா. இந்த வயசுல எவன் வேலை குடுப்பான்? இத்த வுட்டா வேற எங்க போவேன்?"

அன்று மதியமே எழுதினேன், இரண்டு பக்கம். அவர் பெயரை நீக்கினேன், இடத்தை நீக்கினேன், நடந்ததை மழுப்பினேன். எப்படி எழுதினாலும் அவர்தான் என்று அந்த சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும். அனுப்பவில்லை. அவன்மேல் வந்த கோபத்தில் பாதியாவது என்மேலேயே இன்னும் இருக்கிறது.